பஞ்சுப் பெண்டாட்டிகள்

முதுகு வலிக்கிறவள் யாராவது இருந்தால் சுவரோரம் வந்து சாய்ந்துகொள், கண்ணு. ஏன் வலிக்கிறது என்று நான் கேட்கமாட்டேன். அதைக் கேட்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. கதையே அதைப் பற்றியதுதான்.

இல்லற அமைதி வாரியம் என்று அதற்குப் பெயர். ஏழாவது மாடியில் இருந்தது. சுவருக்கெல்லாம் வெளிர்ப்பச்சை வண்ணம்; மூலைக்கு மூலை 'மெல்லப் பேசவும்' என்று பலகை. காத்திருக்கும் அறையில் கணவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகளும் மனைவிகளுக்கு மரப்பெஞ்சும் போட்டிருந்தார்கள். இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. கணவர்கள் மனம் புண்பட்டு வருகிறவர்கள். மனைவிகளுக்குப் புண் உடம்பில்தான். மனப்புண் ஆற நாளாகும் என்பதால் அவர்களுக்கு மெத்தை.

அந்தப் பெஞ்சில் ஒருநாள் காலையில் ஒரு தையல்காரி வந்து உட்கார்ந்தாள். இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. வலது கண்ணால் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளுடைய தையல் மிஷினைக் கணவன் உள்ளறையில் போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தான். மிஷின் இல்லையென்றால் கையில் காசில்லை. காசில்லையென்றால் தனியாக ஓர் அறை எடுக்க வழியில்லை. அறை இல்லையென்றால் பொழுது சாய்ந்ததும் மறுபடி அந்த வீடுதான். மிஷினை மட்டும் மீட்டுக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.

அவள் கணவன் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவன். பித்தளைக் கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் ஏறும், அந்தப் பக்கம் தள்ளினால் இறங்கும். "எந்த மாடி?" என்று அவன் கேட்காமல் எப்பேர்ப்பட்ட முதலாளியும் மேலே போக முடியாது. பிறகு பொத்தான் வைத்த லிஃப்ட் வந்தது. முதலாளிகள் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெறுங்கையோடு அனுப்பவில்லை. பழைய லிஃப்டின் கைப்பிடியைக் கழற்றி, அதில் அவன் பெயரையும் 'நேர்மையான உழைப்புக்கு' என்ற வாசகத்தையும் பொறித்து, நினைவுப் பரிசாகக் கொடுத்தனுப்பினார்கள். கனமான கைப்பிடி. அதைக் கொண்டுதான் அவளை அடித்தான்.

முதல் விசாரணையை ஓர் அம்மாள் நடத்தினார். பேச்சுக்குப் பேச்சு பொறுமை என்று சொல்வதால் பெஞ்சுக்காரிகள் அவரைப் பொறுமையம்மா என்று கூப்பிட்டார்கள்.

"அவர் வீட்டுக்குள்ள வரும்போது நீ எங்கம்மா இருந்தே?"

"மிஷின்ல உக்காந்திருந்தேன்."

"முகத்தை எப்படி வெச்சிருந்தே?"

"முகத்தையா? தைக்கிறப்ப வாயில குண்டூசியைக் கடிச்சிருப்பேன்மா. வாயை இறுக்கி மூடித்தான் இருந்திருப்பேன்."

"பாத்தியா! ஒரு மனுஷன் வெளியில போயி நொந்து வர்றார். வாயை இறுக்கி மூடிக்கிட்டு வரவேத்தா யாருக்குத்தான் கோவம் வராது? ஒரு சிரிப்பு சிரிச்சா என்ன?"

"சிரிச்சா ஊசி தொண்டைக்குள்ள போயிரும்மா."

"கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாம்" என்று முடித்து, அவளைத் தலைவரிடம் அனுப்பிவைத்தார்.

தலைவர் மெத்தப் படித்தவர். பெண்கள் ஏன் அடிபடுகிறார்கள் என்று பல ஊர் மேடைகளில் பேசி, பல பரிசுகள் வாங்கியவர். மேசைமேல் ஓர் உலோகப் புறா உட்கார்ந்திருந்தது; அது சமாதானப் பரிசு. வீட்டில் அதன் ஜோடி ஒன்று இருந்தது, போன வருடத்துப் பரிசு. எதைப் பேசினாலும் அவர் வேரில்தான் தொடங்குவார், வேரில்தான் முடிப்பார். அதனால் பெண்கள் அவருக்கு வேர்க்கிழங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அடிங்கறது கிளைம்மா" என்றார் கனிவாக. "கிளையை வெட்டி என்ன பிரயோஜனம்? வேரைப் பாக்கணும். உன் வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. வெளியில மதிப்புப் போச்சு. அவர் வருமானம் நின்ன வீட்ல உன் மிஷின் மட்டும் கடகடன்னு ஓடுது. அந்தச் சத்தம் அவர் காதுல எப்படி விழும்னு யோசிச்சுப் பாத்தியா?"

"வேலையை விட்டு அனுப்பினது முதலாளிங்கய்யா. அவங்களை ஏன் அவர் அடிக்கல?"

தலைவர் திடுக்கிட்டுப் போனார். "என்னம்மா பேசுறே? அது குத்தம். போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்."

"எங்க கீழ்வீட்டுக்காரருக்கும் அவர்கூடவேதான் வேலை போச்சு. அவர் உக்காந்து அழுதார். யாரையும் அடிக்கல."

"அவர் எங்க ஆய்வுக்குள்ள வரமாட்டார்மா" என்றார் தலைவர். "அடிக்காதவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ண யார் பரிசு தர்றாங்க?"

அந்தச் சமயத்தில்தான் வாரியம் புதிதாக ஒரு திட்டம் தீட்டியிருந்தது. அதற்கு மாற்று மனைவித் திட்டம் என்று பெயர். ஒவ்வொரு கணவருக்கும் அவருடைய மனைவியின் உயரத்தில், அவளுடைய அளவில், அவளுடைய பழைய உடுப்பைப் போர்த்தி ஒரு பஞ்சுப் பொம்மை. வாரத்தில் சில நாட்கள் அவர் ஏழாவது மாடிக்கு வந்து, தம்முடைய பொம்மையை ஆசைதீர அடித்துவிட்டு, அமைதியாக வீடு திரும்புவார். வேரிலிருந்த கோபமெல்லாம் பஞ்சுக்குள் போய்விடும்.

திட்டத்துக்கு ஒரு தையல்காரி தேவைப்பட்டாள். சொந்த மிஷின் உள்ள ஒருத்தி தானாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணவரின் பெருந்தன்மையான சம்மதத்தோடு மிஷின் வாரியத்தின் பின்னறைக்கு வந்து சேர்ந்தது. அறைக்குப் பூட்டு போட்டு, சாவியைப் பொறுமையம்மா வைத்துக்கொண்டார். காலையில் திறந்து அவளை உள்ளே விடுவார், சாயங்காலம் வெளியே விட்டுப் பூட்டுவார். கூலி கணவன் கைக்குப் போனது.

"கூலி அவர் கையில போனாத்தான் தன்மானம் துளிர்க்கும்" என்றார் தலைவர்.

"தைக்கிறது நானாச்சேய்யா?"

"நீதான் தைக்கிறே. யார் இல்லேன்னா? அந்தப் பெருமை முழுக்க உனக்குத்தான்."

இப்படியாக, மிஷின் ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்கு மாறியது. வாரியம் இதை ஒரு முன்னேற்றம் என்று அறிவித்தது.

பெண்கள் அளவு கொடுக்க வந்தார்கள். முதலில் வந்தவள் குடை பழுது பார்ப்பவள், வாய்த்துடுக்கு உள்ளவள். "நல்லா இறுக்கித் தை அக்கா. எங்க ஆளுக்கு ஒரு மூச்சுல அடங்காது" என்றாள். அவளுக்குத் தோள் அளவு எடுக்கும்போது நாடா பட்ட இடத்திலெல்லாம் முகம் சுளித்தாள். தையல்காரி நாடாவைத் தளர்த்திப் பிடித்துக் கண்ணாலேயே அளந்தாள். அதன்பின் எல்லாருக்கும் அப்படியே. ஆள் உள்ளே நடந்து வருவதைப் பார்த்தே எந்தப் பக்கம் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டாள்.

முதலில் பொம்மைக்குச் சிரித்த முகம் வைத்துத் தைத்தாள். "எகத்தாளமாச் சிரிக்குது" என்று கணவர்கள் முறையிட்டார்கள். வாயைப் பிரித்தாள். "முறைக்குது" என்றார்கள். கண்ணைப் பிரித்தாள். கடைசியில் முகமே இல்லாத பொம்மையைப் பார்த்து, "இப்பத்தான் குடும்பப் பொண்ணு மாதிரி இருக்கு" என்று திருப்திப்பட்டார்கள். கொஞ்ச நாளில் இன்னொரு குறை வந்தது: அடித்தால் சத்தம் வரவில்லை, அடித்தாற்போலவே இல்லை. வயிற்றுக்குள் ரப்பர் ஊதல் வைக்கச் சொல்லித் தலைவர் உத்தரவிட்டார். அடித்தால் கீச்சென்றது. அந்தச் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. 'மெல்லப் பேசவும்' பலகைகள் பெஞ்சுப் பக்கத்தில் மட்டும் கூடுதலாக மாட்டப்பட்டன.

ஒரு மருத்துவரையும் அமர்த்தினார்கள். மனைவிகளுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கணவர்களின் கை நோகாமல் இருக்க. "மணிக்கட்டை வளைக்காதீங்க. தோள்லேர்ந்து வரணும். மூச்சை விட்டுக்கிட்டே அடிங்க" என்று சொல்லிக்கொடுத்தார். நல்ல ஆசிரியர். அதுவரை ஏனோதானோவென்று அடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் முறையாகக் கற்றுக்கொண்டார்கள்.

கற்றதை வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். காலையில் பொம்மையிடம் பழகிய கை சாயங்காலம் நன்றாகவே ஓடியது. குடைக்காரி இதைப் பொறுமையம்மாவிடம் சொன்னபோது, "இது மிச்சக் கோவம். அடியில தங்கினது மேல வருது. நல்ல அறிகுறி" என்றார்.

ஒருநாள் சாயங்காலம் லிஃப்ட்காரன் பித்தளைக் கைப்பிடியோடு நின்றான். தையல்காரி தரையிலிருந்து எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தாள். அவன் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்:

"அங்க பொம்மை விழுந்தா விழுந்த இடத்துல கிடக்குது. நீ மட்டும் ஏன் எந்திரிக்கிறே?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எழுந்தாள். மறுநாள் காலையில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கைப்பிடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஆண்டுவிழாவுக்குப் புதுப்பிக்க எல்லாப் பொம்மைகளும் அந்த வாரம் பின்னறைக்கு வந்திருந்தன. அவள் தன் அளவுப் பொம்மையைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுத் தையலைப் பிரித்தாள். பஞ்சை விலக்கினாள். அடிக்கிறவன் கை வழக்கமாக விழும் இடத்தில், மேல்துணிக்குச் சற்று உள்ளே, கைப்பிடியைக் குறுக்காக வைத்தாள். அது நகராமல் இருக்க நாலாபக்கமும் சாக்குத்துணிப் பட்டை கொடுத்து இறுக்கினாள். மேலே ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு. பிறகு மிஷினில் போட்டு இரட்டைத் தையல் ஓட்டினாள்.

குடைக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றே?"

"அவர் பொருளை அவருக்கே திருப்பிக் குடுக்கிறேன்."

குடைக்காரி சத்தமே போடாமல் திரும்பிப் போனாள். மறுநாள் அவள் கொண்டுவந்தது ஓர் இரும்புக் குடைத்தண்டு, நடுவில் வளைந்தது. அதற்கு அடுத்தவள் பெல்ட்டின் கொக்கி. இன்னொருத்தி நாற்காலிக் கால். ஒருத்தி ஒரு பெரிய பூட்டைக் கொண்டுவந்து, "இதை வெச்சு என்னைப் பூட்டவும் செஞ்சார், அடிக்கவும் செஞ்சார். ரெண்டு வேலைக்கும் ஒரே பொருள். அவ்வளவு சிக்கனம்" என்றாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மாடியில் முதல்முறையாகப் பலகையை மதித்து மெல்லச் சிரித்தார்கள்.

ஆண்டுவிழா வந்தது. மேடையில் எல்லாப் பொம்மைகளையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு கணவரும் தம் பொம்மைக்கு எதிரில் நின்று, தலைவர் தொடங்கிவைத்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் அடிப்பதாக ஏற்பாடு. அதற்குக் கூட்டுத் தணிப்பு என்று பெயர். தொடக்க அடியைத் தலைவரே கொடுப்பார். அவருக்கும் ஒரு பொம்மை வேண்டியிருந்தது. "பொதுவான அளவுல ஏதாவது தைச்சிரும்மா" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் பின்னறைக்கு ஓர் அம்மாள் வந்தார். வெயில் காலத்திலும் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை. தலைவரின் மனைவி என்று எல்லாருக்கும் தெரியும். மேடைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பவர்.

"பொது அளவு வேண்டாம்" என்றார். "என் அளவு எடுத்துக்குங்க."

தையல்காரி நாடாவை எடுத்தாள். அம்மாள் சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினார். தையல்காரி ஒரு கணம் பார்த்தாள். பிறகு நாடாவைத் தளர்த்திப் பிடித்தாள்.

போகும்போது அம்மாள் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தார். உலோகப் புறா. வீட்டில் இருந்த ஜோடி. ஒரு பக்கச் சிறகு நெளிந்திருந்தது.

"இதை எங்க வைக்கணும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா" என்றாள் தையல்காரி.

விழாவுக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். தலைவர் பேசினார். வேரைப் பற்றியும், வறுமையைப் பற்றியும், ஆணின் காயம்பட்ட உள்ளத்தைப் பற்றியும் நெஞ்சுருகப் பேசினார். "அடிக்கிற ஒவ்வொரு கையும் உண்மையில் உதவி கேட்டு நீளும் கை" என்றபோது மெத்தை நாற்காலிகள் பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு தலைவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை விட்டு, தோளிலிருந்து இறக்கினார். அவர் கை இறங்குவதைப் பார்த்து மற்ற கைகளும் இறங்கின.

ஊதல்கள் கீச்சென்றன. அதற்கு மேலே, காய்ந்த விறகை முறித்தாற்போல் சடசடவென்று வேறொரு சத்தம் கேட்டது. அதன்பின் ஏழாவது மாடியில் யாரும் மெல்லப் பேசவில்லை.

மருத்துவர் அங்கேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. மேடையிலேயே மாவுக்கட்டுப் போட்டார். ஒரு பொம்மைகூடக் கீழே விழவில்லை. தையல் ஓரிடத்திலும் விடவில்லை.

பத்திரிகைக்காரர்கள் கலைவதற்குள் குற்றவாளியைக் காட்டிவிட வேண்டும் என்பது தலைவரின் அவசரம். விழா மண்டபத்திலேயே விசாரணை வைத்தார்கள். பொம்மைகளைக் கிழித்து, உள்ளே இருந்ததையெல்லாம் மேசையில் பரப்பினார்கள். தையல்காரியை எதிரே நிறுத்தினார்கள்.

"எதுக்கும்மா இரும்பை வெச்சுத் தைச்சே?" தலைவரின் குரலில் கனிவு இல்லை.

"நான் புதுசா எதுவும் வாங்கலய்யா. எல்லாம் அவங்கவங்க வீட்டுப் பொருள்." பிறகு அவள் பணிவாகக் கேட்டாள்: "ஐயா அடிக்கும்போது முகத்தை எப்படி வெச்சிருந்தீங்க?"

"என்ன?"

"இல்ல, பொம்மைக்குக் கோவம் வர்ற மாதிரி ஏதாவது பண்ணிட்டீங்களோன்னு."

பின்னாலிருந்து குடைக்காரி, "அது பாட்டுக்குச் சும்மாதானே நின்னுச்சு! ஐயா கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாம்" என்றாள்.

பொறுமையம்மாவின் சொல்லை வேறொருத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள். அவர் உதவி செய்வதாக நினைத்து மேசையிலிருந்த புறாவைத் தூக்கிப் பார்த்தார். "ஐயா, இதுல உங்க பேர் போட்டிருக்கே!"

பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். முதல் வரிசையில் தலைவரின் மனைவி எழுந்து நின்று, சட்டைக்கையைச் சுருட்டத் தொடங்கினார். நிதானமாக, மடிப்பு மடிப்பாக.

"என்னுது இல்ல" என்றார் தலைவர். "என் பேர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. அந்தப் பறவையை நான் பார்த்ததே இல்ல."

அதன்பின் வரிசையாக ஒவ்வொரு கணவனும் சத்தியம் செய்தான். குடைத்தண்டு யாருடையதும் இல்லை. கொக்கி யாருடையதும் இல்லை. பூட்டை யாரும் கண்டதே இல்லை. அவ்வளவு இரும்பும் அனாதையாகக் கிடந்தது.

தையல்காரி பித்தளைக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு தன் கணவனிடம் போனாள்.

"எனக்கு என் மிஷின் வேணும்."

"மிஷின் என்னுது" என்றான் அவன். "என் வீட்ல இருந்தது. என் சம்மதத்துலதான் இங்க வந்துச்சு."

"சரிங்க. இதுவும் உங்க வீட்ல இருந்ததுதான். மிஷின்ல உங்க பேர் இல்ல, இதுல இருக்கு." கைப்பிடியைத் திருப்பி, பொறித்திருந்த எழுத்தை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தினாள். "வீட்ல இருந்ததெல்லாம் உங்களுதுன்னா இதுவும் உங்களுதுதான். சொல்லுங்க. சொன்னீங்கன்னா இது எதுக்குப் பயன்பட்டுச்சு, எங்கெங்க பட்டுச்சுன்னு இவங்களுக்குக் காட்டிட்டு, மிஷினை விட்டுட்டுப் போயிர்றேன்."

அவன் கைப்பிடியைப் பார்த்தான். அவன் வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசு. பிறகு தலைவரைப் பார்த்தான். தலைவர் தம் மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; மடிப்பு முழங்கையைத் தாண்டிவிட்டது. ஒருத்தன் ஒத்துக்கொண்டால் அடுத்தது புறாதான்.

"சொல்லித் தொலைப்பா!" என்று தலைவர் கத்தினார். "ரெண்டும் உன்னுது இல்லன்னு சொல்லு!"

"என்னுது இல்ல" என்றான் லிஃப்ட்காரன்.

"எது?"

"கைப்பிடியும் இல்ல. மிஷினும் இல்ல."

தையல்காரி பொறுமையம்மாவிடம் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார்.

நாலு பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைவரின் மனைவியும் ஒரு மூலையைப் பிடித்திருந்தார். சட்டைக்கை சுருட்டியபடியே இருந்தது. லிஃப்டின் கதவு திறந்ததும், பழக்கதோஷத்தில் லிஃப்ட்காரன் முன்னால் ஓடி வாசலில் நின்றான்.

"எந்த மாடி?" என்று கேட்டு மாவுக்கட்டுக் கையைத் தூக்கினான். விரல் ஒன்றும் அசையவில்லை.

"நகருங்க" என்றாள் தையல்காரி. "நாங்களே அமுக்கிக்கிறோம்."

வாரியம் இன்றும் இருக்கிறது. புகார் கொடுக்க யாரும் வருவதில்லை என்பதால் எங்கும் அமைதி நிலவுவதாகத் தலைவர் பேசி, இன்னொரு புறா வாங்கினார். இந்த முறை இடது கையால் வாங்கினார்.

பெண்கள் வேறோர் இடத்துக்குப் போகிறார்கள். சின்னத் தையல்கடை, மேலே ஓர் அறை, உள்பக்கம் தாழ்ப்பாள். கடைக் கதவில் பித்தளைக் கைப்பிடி ஒன்று மாட்டியிருக்கிறது. தினம் எத்தனையோ கை பட்டு எழுத்தெல்லாம் தேய்ந்து, பளபளவென்று மின்னுகிறது. பெண்டாட்டியைத் தேடி வருகிற ஆண்கள் வாசல்வரை வருவார்கள். கதவைத் திறக்க வேண்டுமானால் அதைத்தான் பிடித்து இழுக்க வேண்டும். அதைப் பார்த்ததும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்கள்.

கதை அவ்வளவுதான், தங்கங்களே. எல்லாரும் கிளம்புங்கள். சுவரோரம் சாய்ந்திருக்கிறவள் மட்டும் கொஞ்சம் இரு. அந்தக் கடைக்கு எப்படிப் போவதென்று சொல்கிறேன். வெறுங்கையோடு போகாதே; உன்னை எதை வைத்து அடித்தானோ அதையும் பையில் போட்டுக்கொண்டு போ.